இரத்தம் வரும் இடத்தைத்தான் இன்னும் நன்றாகத் தேய்க்க வேண்டும்

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டு மாதமாகப் பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வருகிறது. பயந்துபோய் இடது கீழ்ப்பக்கம் பிரஷ்ஷே வைப்பதில்லை, விரலால் லேசாகத் தேய்த்துவிட்டு விட்டுவிடுகிறேன். ஈறு ஜெல்லும் மவுத்வாஷும் வாங்கிப் பயன்படுத்தியும் நிற்கவில்லை. ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஐந்தே நிமிடத்தில் லேசர் பேக்கேஜ் என்றார்கள், அன்றே பணம் கட்டினால் தள்ளுபடியாம். க்ளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று தெரிந்தவர்கள் மிரட்டுகிறார்கள். என் கணவர் சிகரெட் பிடிப்பவர், அரை நிமிடம்தான் பல் தேய்ப்பார், அவருக்கு ஒரு சொட்டு இரத்தம் வந்ததில்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: முதலில் அந்த இடது கீழ்ப்பக்கத்துக்கு பிரஷ்ஷைத் திரும்பக் கொண்டுபோங்கள். இன்றிரவே. மற்றதெல்லாம் அப்புறம்.

இரத்தம் வந்தால் புண் ஆகிவிட்டது, தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஈறு விஷயத்தில் நடப்பது நேர் எதிர். பல்லும் ஈறும் சேரும் கோட்டில், தேய்த்து முடித்த சில மணி நேரத்திலேயே கிருமிகள் பிசுபிசுப்பான ஒரு படலமாகப் படியத் தொடங்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, நாக்கால் தடவினால் வழுவழுப்பு போய்ச் சொரசொரவென்று இருக்கும். அதை எதிர்க்க உடம்பு அந்த இடத்துக்கு இரத்தத்தைக் கூடுதலாக அனுப்புகிறது. ஈறு சிவந்து வீங்கி, பிரஷ் பட்டதும் கசிகிறது. அதாவது, அழுக்கு எங்கே தங்கியிருக்கிறது என்று ஈறு காட்டிக்கொடுக்கிறது. நீங்களோ அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தேய்க்கிறீர்கள்.

1965-இல் டென்மார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. நல்ல ஈறு உள்ள 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் சுத்தம் செய்வதையே நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி ஒழுங்காகத் தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் வாக்கில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஜெல் இல்லை, மாத்திரை இல்லை. ஆரம்ப நிலை ஈறு வீக்கம் முழுதாகச் சரியாகக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

எப்படித் தேய்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. தலை சிறியதான, மென்மையான பிரஷ் வாங்குங்கள். முஷ்டியில் பிடிக்காதீர்கள், பேனா பிடிப்பதுபோல விரல் நுனியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். இழைகளில் பாதி பல்லிலும் பாதி ஈறு விளிம்பிலும் படும்படி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். கீழ்ப்பல்லுக்கு இழை கீழ்நோக்கி, மேல்பல்லுக்கு மேல்நோக்கி. அந்த இடத்திலேயே நின்று சின்னச் சின்ன அசைவாக ஒரு பத்து முறை. பிறகு அடுத்த இரண்டு பற்கள். முன்னும் பின்னும் இழுத்து அறுப்பது வேண்டாம். பல்லின் வயிறு மட்டும் பளபளக்கும், ஈறு விளிம்பில் அழுக்கு அப்படியே இருக்கும், ஈறு மட்டும் தேய்ந்து கீழே இறங்கும். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை மறக்கவே கூடாது. நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பி திறக்கும் இடம் பக்கத்திலேயே இருப்பதால், படலம் கல்போல இறுகிய காரை அங்கேதான் சீக்கிரம் கட்டும். பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்தி முனையால் தேய்த்தால்தான் எட்டும்.

இன்னொன்று. ஆரம்பிக்கும் இடத்தை மாற்றுங்கள். எல்லோருமே தினமும் ஒரே இடத்தில் ஆரம்பித்து, ஒரே இடத்தில் அலுத்துப்போய் முடிக்கிறோம். அந்தக் கடைசி இடம் வருடக்கணக்கில் ஏமாந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு இடது கீழ்ப்பக்கம்தான் முதல். காலையும் இரவும் இரண்டு இரண்டு நிமிடம். பேஸ்டில் ஃப்ளோரைடு இருந்தால் போதும், மற்ற விளம்பர வார்த்தைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

பற்களுக்கு இடையே எந்த பிரஷ்ஷும் எட்டாது. இடைவெளி நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் நூல், கொஞ்சம் அகலமாக இருந்தால் பல்லிடை பிரஷ். பல்லிடை பிரஷ்ஷில் அளவுகள் உண்டு. இலேசாக இறுகிப் போக வேண்டும், திணிக்கக் கூடாது. நூலை நடுவில் சரக்கென்று இறக்காமல், ஒரு பல்லைச் சுற்றி வளைத்து ஈறுக்குச் சற்று உள்ளே வரை மேலும் கீழும் இழுங்கள், பிறகு பக்கத்துப் பல்லுக்கும் அதேபோல. இரவில் ஒரு தடவை போதும். முதல் வாரம் இங்கேயும் இரத்தம் வரும், துப்பும் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே இருக்கும். பதறி நிறுத்திவிடாதீர்கள். பத்து நாள் வாக்கில் குறைவது உங்களுக்கே தெரியும்.

சரி, உங்கள் ஜெல். அது வலியை மரக்கவைக்கும், குளிர்ச்சியாக இருக்கும், படலத்தை எடுக்காது. குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ் கிருமியைக் குறைப்பது உண்மைதான். ஆனால் மருத்துவர் சொன்ன சில நாட்களுக்கு மட்டும். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல் பழுப்பாகும், நாக்கில் சுவை மாறும். பேஸ்டில் தேய்த்த கையோடு அதை ஊற்றிக்கொண்டால் அதன் பலனும் குறையும், அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாகவே வாங்கிப் போடுவது இதையெல்லாம்விட மோசம். படலத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை மாத்திரை முழுதாக எட்டாது. நான்கு நாள் அடங்கிவிட்டு மறுபடி வரும், நீங்களும் மறுபடி கடைக்குப் போவீர்கள்.

காரையாக இறுகிவிட்டதை பிரஷ்ஷால் எடுக்க முடியாது, நீங்கள் சொன்ன க்ளீனிங், அதாவது ஸ்கேலிங் செய்துதான் ஆக வேண்டும். அதனால் பல் ஆடும் என்பது கட்டுக்கதை. இடிந்த சுவரைச் செடியின் வேர் பிடித்து நிறுத்துவதுபோல, எலும்பு கரைந்த பல்லைச் சில சமயம் காரை பிடித்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். வீக்கம் வடிந்த பிறகு பற்களுக்கு இடையே சந்து தெரியும், சில நாள் தண்ணீர் பட்டால் கூசும். இதை முன்கூட்டியே சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லாததால்தான் இந்தக் கதை தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி அந்தப் பேக்கேஜ். உங்களிடம் விலை சொன்னது யார், மருத்துவரா, முன்மேசையில் இருந்தவரா? பல இடங்களில் 'சிகிச்சை ஆலோசகர்' என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் வாயைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்ப்பார். இன்றே கட்டினால் தள்ளுபடி என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஈறு நோய்க்கு இன்று, நாளை என்று கெடு கிடையாது, அந்த ஊழியரின் மாத இலக்குக்குத்தான் உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: என் ஈறு எத்தனை மில்லிமீட்டர்? அளவுக்கோடு போட்ட மெல்லிய கருவியை ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் ஈறுக்குள் இறக்கிப் பார்த்து எழுதுவார்கள். 3 வரை கவலை இல்லை. 4-ம் அதற்கு மேலும் என்றால் ஈறு பல்லைவிட்டு விலகி நடுவே பைபோன்ற பள்ளம் உருவாகியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து எலும்பு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வேர்ப்பகுதி வரை ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அளக்காமலே சொல்லப்படும் சிகிச்சை வெறும் விற்பனை. லேசர் சில இடங்களில் துணைக்கு உதவலாம், காரையைச் சுரண்டும் வேலைக்கு அது மாற்று இல்லை.

கோபம் வருகிறது, மன்னிக்கவும். பிரஷ் பிடிக்கக் கற்றுத்தரும் பத்து நிமிடத்துக்கு யாரும் கட்டணம் தருவதில்லை, அதனால் அதைச் செய்ய யாருக்கும் நேரமும் இல்லை. கருவியை எடுத்தால்தான் காசு என்று ஒரு முறையை வைத்துக்கொண்டு, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மேடையில் பேசுகிறோம்.

உங்கள் கணவர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உண்மையில் எனக்குக் கவலை உங்களைவிட அவர்மேல்தான். சிகரெட்டில் உள்ள நிகோடின் ஈறின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அழுக்கு இருக்கும், கிருமி இருக்கும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டும் இருக்கலாம். ஆனால் ஈறு சிவக்காது, பிரஷ் பட்டால் கசியாது. வெளிறி, கெட்டியாக, பார்க்க நன்றாகவே இருக்கும். புகைப்பவர்களுக்கு ஈறு நோய் அதிகம், வேகமும் அதிகம், சிகிச்சைக்குப் பிறகு ஆறுவது குறைவு. அவர்களில் பலர் முதல் முறை மருத்துவரிடம் வருவதே பல் ஆடத் தொடங்கிய பிறகுதான். அந்த நேரத்தில் போன எலும்பை முழுதாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. சிகரெட்டை விட்ட சில வாரங்களில் சிலருக்கு ஈறில் இரத்தம் வர ஆரம்பிக்கும். 'பிடித்தபோது நன்றாகத்தானே இருந்தது' என்று மறுபடி பற்றவைத்துவிடுவார்கள். இரத்த ஓட்டம் திரும்புவதன் அடையாளம் அது. ஆகவே அவருக்கு இரத்தம் வராததை ஆரோக்கியத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அவருக்கும் மில்லிமீட்டர் அளந்தே பார்க்க வேண்டும்.

ஒழுங்காகத் தேய்த்து, ஸ்கேலிங்கும் முடித்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால், அல்லது தொடாமலே கசிந்தால், உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போன நீலத் திட்டுகள், காய்ச்சல், அசதி இருந்தால், பல் மருத்துவரோடு நிற்காமல் பொது மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரையையும் சேர்த்தே பாருங்கள். ஸ்கேலிங் முடிந்து நாற்காலியிலிருந்து எழுந்ததும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டாம். 6 முதல் 8 வாரம் கழித்து அதே ஆழங்களை மறுபடி அளந்து, பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அவர்களாகக் கூப்பிட மாட்டார்கள். தேதியை நீங்களே கேட்டு, அளவு எழுதிய தாளின் நகலையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.