மூன்று லட்சம் மனித நாள் என்றால் எத்தனை பேருக்கு வேலை?

அரசுப் பணத்தில் நடக்கும் பணிகளால் உண்டாகும் வேலைவாய்ப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டு, கொங்குப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

நூறு நாள் வேலை பற்றிய அறிக்கைகளில் ‘மனித நாள்’ என்று போடுகிறார்களே, அதை எத்தனை பேர் என்று எடுத்துக்கொள்வது? (சென்னிமலை)

மனித நாள் என்பது ஆள்களின் எண்ணிக்கை அல்ல. ஒருவர் ஒரு நாள் வேலை செய்தால் ஒன்று. அவரே மறுநாளும் வந்தால் இரண்டு. ஓர் ஒன்றியத்தில் மூன்று லட்சம் மனித நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வகுத்தால் அது ஆயிரம் பேரின் முழு ஆண்டு வேலை. ஆளுக்கு 30 நாள்தான் கிடைத்தது என்றால் பத்தாயிரம் பேர். இரண்டுமே பிழையில்லாத கணக்குதான். மேடைக்கு எது ஏறும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

அமெரிக்காவிலும் இந்தத் தகராறு வந்தது. பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அரசு கொடுத்த 2009-ஆம் ஆண்டு ஊக்க நிதியைப் பெற்றவர்களிடம் ‘உருவாக்கிய அல்லது காப்பாற்றிய வேலை’ எத்தனை என்று முதலில் கேட்டார்கள். ஆளாளுக்கு ஒரு விதமாக எண்ணினார்கள். அந்த டிசம்பரிலேயே முறையை மாற்றி, அந்த நிதியில் கூலி கொடுத்த மணி நேரத்தை முழுநேர வேலையின் மணி நேரத்தால் வகுத்துச் சொன்னால் போதும் என்றார்கள். மனித நாளை 300-ஆல் வகுப்பதும் இதே வழிதான்.

மஞ்சள் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். தோட்டத்து வேலையைக் காலி செய்துவிட்டு வேலை உருவாக்கினோம் என்பது என்ன கணக்கு? (மொடக்குறிச்சி)

பாதி நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. மாசியில் மஞ்சள் வெட்டுக்கு வரவேண்டியவர் ஏரிக்கரைக்குப் போனால், வருகைப் பதிவேட்டில் ஒன்று கூடும். தோட்டத்தில் ஒன்று குறையும். நிகரம் பூஜ்யம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவது நின்ற பிறகு, கோடையில் சும்மா இருந்தவர் போனால் அது முழுக்கப் புதிய வேலை. ஆகவே ஆண்டு மொத்தத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மாதவாரியாகப் பிரித்தால்தான் விஷயம் தெரியும். அறிக்கை எழுதுபவர்கள் இதைச் செய்வது அபூர்வம்.

மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். ஏரிக்கரையில் மண் சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் வயதானவர்கள் கணிசம். இளவட்டங்களை விடியற்காலையில் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போவது பனியன் கம்பெனி வேன். ஆள் பஞ்சத்துக்கு அந்த வேனுக்கும் பங்கு உண்டு. ஆந்திரத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், இத்திட்டம் ஒழுங்காக நடந்த இடங்களில் ஏழைகளின் வருமானம் உயர்ந்தது. அந்த உயர்வில் பெரும்பகுதி திட்டக் கூலியால் அல்ல, வெளியே கூலி ஏறியதால் வந்தது. உங்களுக்கு அது செலவு, வெட்ட வருகிறவருக்கு வரவு. வேலை எண்ணிக்கையில் இந்த இரண்டுமே தெரியாது.

நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம், நூறு நாள் என்பதை 125 நாள் ஆக்கி, விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் பணியை நிறுத்திவைக்கச் சொல்கிறது. நீங்கள் கேட்டது கிடைக்கும். ஆனால் வெட்டு நேரத்தில் கூலி பேச அந்தப் பெண்களுக்கு இருந்த பிடியும் போய்விடும்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? (அன்னூர்)

பவானி ஆற்றின் உபரி நீரைக் குழாயில் ஏற்றிக் குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம் இது. சுமார் 1,916 கோடி ரூபாய், 1,045 குளம் குட்டைகள், ஆறு நீரேற்று நிலையங்கள். 2024 ஆகஸ்ட் 17-இல் திறப்பு. நூறு நாள் வேலைச் சட்டத்தில் பொருள் செலவு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மீதி கூலிக்கு. இங்கே குழாயும் மோட்டாருமே பெரும்பகுதி. ஆகவே கோடிக்கு இத்தனை வேலை என்று வகுத்தால் தொகை சின்னதாகத்தான் வரும். அதை வைத்துத் திட்டத்தைக் குறைத்துப் பேசுவது அநியாயம்; குழாய் பதித்த கூலிக்காகவா இத்தனை ஆண்டுகள் போராடினார்கள்?

பார்க்கவேண்டியது, குளம் நிறைந்த பிறகு கிணறு ஊறி, மேட்டாங்காட்டில் இன்னொரு போகம் வைத்து, அதில் களை எடுக்க எத்தனை ஆள் போனார்கள் என்பதை. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் மழை ஏமாற்றிவிடும். திட்டத்தில் சேராமல் விடுபட்ட பக்கத்துக் குட்டைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே வானம்தான். இரு பக்கமும் கிணற்று மட்டத்தையும், களையெடுப்புக்குப் போன நாள்களையும் எழுதி வந்தால், வித்தியாசத்தில் பெரும்பங்கைத் திட்டத்தின் கணக்கில் வைக்கலாம்.

சாலைப் பணிக்கு ஒடிசா, பீகார் ஆள்கள்தான் வருகிறார்கள். இது நம் ஊர் வேலைவாய்ப்பா? (பல்லடம்)

வேலைவாய்ப்புதான், நம் ஊர்க்காரருக்கு அல்ல. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் போட்டால் சண்டை தீர்ந்தது.

பொக்லைன் விட்டு மண் அள்ளிவிட்டு, ஆள் பெயரில் கணக்கு எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பது? (கோபிசெட்டிபாளையம்)

நூறு நாள் வேலைச் சட்டம் ஒப்பந்ததாரரை அனுமதிக்கவில்லை; ஆள் வேலையைப் பறிக்கும் இயந்திரத்தையும் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது. 2023 முதல் நாளுக்கு இரண்டு முறை செல்போனில் புகைப்படம் எடுத்து வருகை பதிகிறார்கள். ஆனால் படத்தில் நிற்பவர் மண் வெட்டினாரா என்பதைப் படம் சொல்லாது.

குழியைப் பாருங்கள். ஆள் வெட்டிய இடத்தில் குழி குழியாக அளவு பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திட்டை வெட்டாமல் விட்டிருப்பார்கள். பழைய தரைமட்டத்துக்கு அதுதான் சாட்சி. திட்டே இல்லாமல், சுவரில் வாளிப் பல் கீறிய வரி வரியான தடம் இருந்தால் சந்தேகப்படலாம். அளவுப் புத்தகத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். பக்கத்துக்கான நகல் கட்டணம் தனி. அதில் உள்ள நீளம், அகலம், ஆழத்தை நாடாவோடு போய் ஒத்துப்பாருங்கள். மழைக்கு முன் போய்விடுங்கள். வண்டல் இறங்கிவிட்டால் ஆழத்தை நிரூபிக்க முடியாது.