வாசகர் கேள்வி பதில்: நன்றாகச் சுட்ட ஏர் ரைஃபிள் திடீரென்று குறி தவறுவது ஏன்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி பெறுகிறாள். காற்றுச் சிலிண்டர் பொருத்திய போட்டி ரைஃபிளைப் பழையதாக வாங்கிக் கொடுத்தோம். சென்ற மாதம் வரை கார்டில் (வளையங்கள் வரைந்த இலக்கு அட்டையில்) நெருக்கமாக விழுந்துகொண்டிருந்த குண்டுகள் இப்போது எட்டாம், ஏழாம் வளையங்களுக்குப் போகின்றன. கோச், கவனம் சிதறுகிறது என்கிறார். மகள், ரைஃபிளில்தான் கோளாறு என்கிறாள். எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இருவரில் யார் சரி என்பதை ஒரே ஒரு மாலையில் தெரிந்துகொண்டுவிடலாம். ரைஃபிளை மேசைமேல் மணல்மூட்டைகளில் நன்றாகத் தாங்க வைத்து, அனுபவமுள்ள வேறொருவரைக் கொண்டு, ஒரே டப்பாவிலிருந்து எடுத்த பத்துக் குண்டுகளைப் புதிய கார்டில் சுடச் சொல்லுங்கள். துளைகள் நெருங்கி, வழக்கமான இடத்திலேயே விழுந்தால் ரைஃபிளைக் குறை சொல்வதற்கில்லை. அப்போது கோச் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான். நெருங்கி விழாமல் போனாலோ, நெருங்கியும் இடம் மாறியிருந்தாலோ, அந்தக் கார்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துளைகள் எந்த வடிவில் விழுந்திருக்கின்றன என்பதே கோளாறு எங்கே என்பதைச் சொல்லிவிடும். கார்டைப் பார்க்காமல் கையில் கிடைத்த திருகையெல்லாம் திருப்பத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் காரியம். அதற்குப் பிறகு எது எதனால் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

துளைகள் நெருக்கமாகவே இருந்து, மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்திருந்தால், சைட்டைத்தான் (குறிபார்க்கும் அமைப்பை) சந்தேகிக்க வேண்டும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பின் சைட் 0.2 மி.மீ. அசைந்தாலே 10 மீட்டர் தொலைவில் குண்டு 2.5 மி.மீ. விலகும். இந்தக் கார்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அவ்வளவுதான். பத்தாம் வளையத்தின் விட்டமோ வெறும் 0.5 மி.மீ. பையில் வைக்கும்போது சைட் இடிபட்டதா, அதைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்ததா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். பயிற்சிக்கூடத்தில் விளக்கை மாற்றியிருந்தாலும் துளைகள் இடம் மாறுவதுண்டு.

துளைகள் எல்லாப் பக்கமும் பரவியிருந்தால், முதலில் குழலும் அதன் இயந்திரப் பகுதியும் ஸ்டாக்கோடு (தோளிலும் கையிலும் தாங்கும் உடல்பகுதியோடு) இணையும் திருகுகளைப் பாருங்கள். ரைஃபிளில் குண்டு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அளவு சரியான ஆலன் சாவியால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட இறுக்கத்துக்கே இறுக்க வேண்டும். பலம் உள்ள மட்டும் இறுக்குவதும் ஒரு கோளாறுதான். அடுத்தது குண்டு. டப்பா மாறியதா என்று மகளிடம் கேளுங்கள். 4.5 மி.மீ. என்று ஒரே பெயரில் விற்றாலும், தலைப்பகுதி 4.49, 4.50 என நூறில் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்ட குண்டுகள் கிடைக்கின்றன. ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிப்பதில்லை. பெரும்பாலான துளைகள் நெருங்கியிருக்க, ஒன்றிரண்டு மட்டும் தனியே ஓடியிருந்தால், கீழே விழுந்த டப்பாவில் பின்விளிம்பு நசுங்கிய குண்டுகளாக இருக்கலாம். வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாலே தெரியும்.

குழலைச் சுத்தம் செய்வதை நான் கடைசியில்தான் வைப்பேன். அழுக்கால் கெட்ட குழல்களைவிட, கம்பியை விட்டுத் தேய்த்துக் கெடுத்த குழல்களே அதிகம் என்பது என் எண்ணம். செய்வதானால் குண்டு நுழைக்கும் பக்கத்திலிருந்து ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) துண்டுகளைச் செலுத்துங்கள். குழலின் வாய் விளிம்பில் எதுவும் உரசக் கூடாது. சுத்தம் செய்தபின் முதல் பத்திருபது குண்டுகள் நிலைகொள்ளாமல் போகும். அவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

உங்கள் ரைஃபிள் பழையது என்பதால் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது, துளைகள் மேலும் கீழுமாக நீண்டு விழுவதைத்தான். அது காற்றழுத்தம் சீராக இல்லை என்பதற்கான அறிகுறி. இத்தகைய ரைஃபிளில் குண்டின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர். அது 160 ஆகக் குறைந்தால், இலக்கை அடைவதற்குள் குண்டு ஏறத்தாழ 2 மி.மீ. கூடுதலாகத் தாழ்ந்துவிடும். கிளப்பில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் பத்துக் குண்டுகளின் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் ஓய்வுக்குப் பின் சுடும் முதல் குண்டு மட்டும் வேகம் கூடி மேலே விழுந்து, பின்வருபவை ஒழுங்காக இருந்தால், சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கித் தரும் ரெகுலேட்டரில் அழுத்தம் கசிந்து ஏறுகிறது என்று பொருள். சிலிண்டரை ரைஃபிளிலேயே ஓரிரவு விட்டு, அழுத்தமானியின் முள் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இறங்கியிருந்தால் காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். இந்த வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். 200 பார் அழுத்தம் உள்ள பொருள் அது. பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். சிலிண்டரில் பொறித்த தேதியையும் பார்த்துவிடுங்கள். பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது குழலை மடித்துச் சுருள்வில்லை ஏற்றும் சாதாரண ஏர் ரைஃபிள், டெலஸ்கோப் மாட்டியிருக்கிறேன். எண்ணெய் விட்ட பிறகு சத்தம் கூடி, புகையும் வருகிறது. குண்டு எங்கெங்கோ போகிறது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடலாமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டவே வேண்டாம். அழுத்த அறைக்குள் போன எண்ணெய், பிஸ்டன் காற்றை அழுத்தும்போது எழும் வெப்பத்தில் டீசல் என்ஜினில் எரிபொருள் பற்றுவது போலப் பற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் எரியும் அளவு மாறுவதால் வேகமும் மாறுகிறது. பாதுகாப்பான இடத்தில் சில டஜன் குண்டுகள் சுட்டால் மிச்சமுள்ள எண்ணெய் தீர்ந்துவிடும். அதன் பிறகும் புகை நிற்கவில்லை என்றால் பிஸ்டன் சீலை (காற்று கசியாமல் அடைக்கும் பகுதியை)ப் பார்க்கக் கொடுங்கள். எண்ணெய் தீர்ப்பதற்காகக் குண்டில்லாமல் விசையை இழுக்காதீர்கள். தடுக்கக் காற்று இல்லாமல் பிஸ்டன் மோதிச் சுருளும் சீலும் கெடும்.

டெலஸ்கோப்பையும் சந்தேகியுங்கள். சுருள் ரைஃபிள் பின்னோக்கி ஒருமுறை, முன்னோக்கி ஒருமுறை என இரு பக்கமும் உதைப்பதால், டெலஸ்கோப்பின் பிடிப்புகள், அவை மாட்டியிருக்கும் பள்ளமிட்ட பட்டையில் மெல்ல நகர்கின்றன. பிடிப்பின் விளிம்பில் ஒரு பென்சில் கோடு போட்டு ஐம்பது குண்டுக்குப் பின் பாருங்கள். கோடு விலகியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே இந்த உதைப்பு தொடங்கிவிடுவதால், ரைஃபிளின் முன்பகுதியைத் தாங்கும் கையால் ஒரு நாள் இறுக்கியும் ஒரு நாள் தளர்த்தியும் பிடித்தால் அதற்கேற்பக் குண்டும் இடம் மாறும். உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்தி, எப்போதும் ஒரே இடத்தில் தாங்குங்கள். அப்போதும் சிதறினால் டெலஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, ரைஃபிளின் சொந்த சைட்டிலேயே பத்துக் குண்டுகள் சுட்டு இரு கார்டுகளையும் ஒப்பிடுங்கள்.