தள்ளிய தட்டு

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. படிப்பில் கவனம் இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்தக் கோபம்தான் தாங்கவில்லை. கேரமில் தோற்றால் காய்களை வீசுகிறான், பிறகு தேம்பித் தேம்பி அழுகிறான். முட்டி போடவைத்தும் அடித்தும் பார்த்துவிட்டேன். இது நோயா, திமிரா? இவன் அப்பாவும் கோபக்காரர்தான். சாம்பாரில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். பத்து நிமிடம் யாரும் வாய் திறக்காமல் இருந்தால் தானாக வந்து சாப்பிடுவார்.
வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசி மூன்று வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பா தட்டைத் தள்ளினால் வீடே மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறது. பிள்ளை கேரம் காயை வீசினால் முட்டி போடவேண்டும். என்ன நியாயம் அம்மா இது?

திமிர் இல்லை. தோற்ற வருத்தம் எல்லாப் பிள்ளைக்கும் வரும். 'சரி, அடுத்த ஆட்டம்' என்று அதை விழுங்க ஒரு நொடி வேண்டும். அந்த நொடி இவனுக்குக் கிடைப்பதில்லை, கை முந்திவிடுகிறது. உணர்ச்சிக்குப் பிரேக் போடுவதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. 2007இல் அமெரிக்காவில் மூளைப் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்கு மூளையின் மேலடுக்கு முதிர்வது சுமார் 3 வருடம் பின்தங்குவதும், முன்பகுதியில்தான் அது அதிகம் என்பதும் தெரிந்தது. கோபத்தை அடக்குகிற விஷயத்தில் அவனை 6 வயதுப் பிள்ளையாகப் பாருங்கள். தேம்பி அழுகிறானே, திமிர் பிடித்தவன் அப்படியா அழுவான்? தான் செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் போய் அடிக்கிறீர்கள்.

ஏடிஎச்டி குடும்ப வழியில் வருவது அதிகம். கடிதத்தை வைத்து உங்கள் கணவருக்கு நான் எந்தப் பெயரும் வைக்கமாட்டேன். அடுத்த முறை டாக்டரிடம் அவரும் வரட்டும், தன்னைப் பற்றியும் கேட்கட்டும். வேலை இருக்கிறது என்பார், விடாதீர்கள். பெற்ற பிள்ளையின் வைத்தியத்தைவிடப் பெரிய வேலை ஒரு அப்பாவுக்குக் கிடையாது.

அவருக்குக் கொடுக்கும் பத்து நிமிடத்தை இவனுக்கும் கொடுங்கள். இத்தனை வருடம் செய்து பழகியதுதானே! காய் பறந்தால் அறிவுரை வேண்டாம், பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அடங்கியதும் காய்களை அவனே பொறுக்கட்டும், அந்தக் கண்டிப்பு வேண்டும். அதே கண்டிப்பு அவன் அப்பாவுக்கும் வேண்டும். தரையில் சிந்திய சாம்பாரை இனி நீங்கள் துடைக்காதீர்கள். பையன் பார்க்க அவரே துடைக்கட்டும்.