பாட்டியோடு தூங்கும் பேரன்: கதிரியக்க அயோடினுக்குப் பிறகு எத்தனை நாள் தள்ளி இருக்க வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, அடுத்த வாரம் கதிரியக்க அயோடின் கொடுக்கப் போகிறார்கள். என் 2 வயது மகன் தினமும் பாட்டியோடுதான் தூங்குவான். அம்மா உடம்பிலிருந்து கதிர் வருமாமே, குழந்தைக்கு ஆகாதா? அம்மாவுக்கே அதனால் வேறு ஏதும் வருமா?

பதில்: கதிர் வருவது உண்மைதான். ஆனால் அது நாள் கணக்கு, வருடக் கணக்கு இல்லை.

கதிர் செல்லுக்குள் போய் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. சின்ன அறுப்பைச் செல் தானே தைத்துக்கொள்ளும். அறுப்பு அதிகமானால் செத்துப்போகும். தையல் கோணலாகி, செல்லும் சாகாமல் தப்பிவிட்டால்தான் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகத் தலைதூக்கலாம்.

அம்மா விஷயத்தில் நமக்கு வேண்டியது செல் சாவதுதான். தைராய்டு செல் அயோடினைத் தேடி இழுத்துக்கொள்ளும். உப்பில் வரும் அயோடினா, கதிரியக்க அயோடினா என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. உள்ளே போன அயோடின் விடும் பீட்டா கதிர் 2 மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. ஆபரேஷனில் மிஞ்சிய செல்களை அந்த இடத்திலேயே அது முடித்துவிடும்.

இதே அயோடின்தான் 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது புல்லில் படிந்து, பசுவுக்குப் போய், பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டில் சேர்ந்தது. பின்னாளில் ஆயிரக்கணக்கானோருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. குழந்தையின் சுரப்பி சிறியது, செல்களும் வேகமாகப் பிரிபவை. அதனால் உங்கள் மகனைப் பற்றி நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

சரி, அவனுக்கு எப்படி வந்து சேரும்? இரண்டு வழி. ஒன்று, அம்மா உடம்பைத் தாண்டி வரும் காமா கதிர். இதற்குத் தூரம்தான் மருந்து: ஒரு மீட்டரில் இருப்பதை இரண்டு மீட்டராக்கினால் ஏறக்குறைய கால்வாசிதான் படும். இன்னொன்று, எச்சில், வியர்வை, சிறுநீரில் கலந்து வரும் அயோடின். பாட்டி கடித்த பிஸ்கட்டைப் பேரன் வாங்கித் தின்பதுதான் எனக்குக் கவலை. தட்டு, டம்ளர், துண்டு தனியாக இருக்கட்டும். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

இந்த அயோடினின் அரை ஆயுள் 8 நாள், அதாவது 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதற்குள்ளேயே பெரும்பகுதி முதல் இரண்டு, மூன்று நாளில் சிறுநீரில் போய்விடும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கொஞ்சம் அயோடினை இழுப்பதால் வாய் வறளலாம், கன்னம் வீங்கலாம். அம்மாவுக்கு வேறு புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. திரும்பத் திரும்பப் பெரிய அளவில் கொடுக்கும்போதுதான் அது கூடும்.

என்னிடம் வந்த ஒரு பாட்டி, மருந்து சாப்பிட்டு 3 மாதம் ஆகியும் திண்ணையில் தனித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேரன்கள் கிட்டே வர விடுவதில்லையாம். மனசு கனத்துவிட்டது. 80 நாளில், சிறுநீரில் போனதைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அவ்வளவு நாள் ஒதுக்கி வைக்கத் தேவையே இல்லை.

டிஸ்சார்ஜ் நாளில், அம்மா உடம்பிலிருந்து எவ்வளவு கதிர் வருகிறது என்று கருவி வைத்து அளப்பார்கள். பக்கத்தில் நின்று, “குழந்தை எத்தனை நாள் தள்ளி இருக்கணும்?” என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் சொல்வார்கள். அதுவரை பேரன் உங்களோடு தூங்கட்டும். நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப் போயிருந்தாலோ, அதை இப்போதே அயோடின் கொடுக்கும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.