ஆக்சிஜன் அறைக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நடக்கிறார், பேசுகிறார். ஆனால் சொன்னது உடனே மறந்துவிடுகிறது, பொசுக்கென்று கோபம் வருகிறது. நடுவில் ஒரு தடவை வலிப்பும் வந்து, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். அழுத்த அறையில் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தால் மூளை பழையபடி ஆகிவிடும், 40 தடவை வரணும் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும்மா.

இந்தச் சிகிச்சையே பொய் என்று சொல்லவில்லை. ஆழ்கடலில் இருந்து சடாரென்று மேலே வந்த முக்குளிப்பவர்கள், புகையில் சிக்கி கார்பன் மோனாக்சைடு ஏறியவர்கள், காலில் ஆறாத சர்க்கரைப் புண் இருப்பவர்கள் என்று பலருக்கும் முறையாகவே கொடுக்கிறார்கள். அழுத்தம் கூடினால் சோடாவில் வாயு கரைகிற மாதிரி, ரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும், அவ்வளவுதான் சூட்சுமம். பழைய மூளைக் காயத்தை அது சரிசெய்யுமா என்பதில்தான் தகராறு.

சரி, உங்களிடம் காட்டியது 2013இல் இஸ்ரேலில் நடந்த ஆய்வாக இருக்கலாம். லேசான மூளைக் காயம் பட்ட 56 பேர், 40 தடவை, நல்ல முன்னேற்றம். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்த்தது சும்மா காத்திருந்தவர்களோடு. 2015இல் வெளியான அமெரிக்க ராணுவ ஆய்வில் 72 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு நிஜமான ஆக்சிஜன், இன்னொரு பிரிவுக்கு அதே அறையில் லேசான அழுத்தத்தில் வெறும் காற்று கொடுத்தார்கள். அறைக்குள் போன இரண்டு பிரிவுமே தேறின, ஆக்சிஜனுக்கும் காற்றுக்கும் வித்தியாசமே இல்லை! அந்த லேசான அழுத்தமும் மருந்துதான் என்று ஆதரவாளர்கள் வாதாடுகிறார்கள். எனக்கென்னவோ, தினமும் குளித்துக் கிளம்பிப் போனதும், நாலு பேர் அக்கறையாக விசாரித்ததுமே பாதி வேலையைச் செய்திருக்கும் என்று தோன்றுகிறது.

இன்னொன்று, அழுத்தத்தில் தரும் ஆக்சிஜனே சிலருக்கு வலிப்பைத் தூண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது, அதை அங்கே யாராவது கேட்டார்களா?

அந்தக் காசில் கொஞ்சத்தை, மறதியோடு அன்றாட வேலைகளைச் சமாளிக்கப் பழக்கும் தெரபிஸ்டுக்குச் செலவழியுங்கள். போனில் அலாரம், சட்டைப் பையில் ஒரு நோட்டு, நேரத்துக்குத் தூக்கம், இதெல்லாம் அதிலேயே வந்துவிடும். அப்புறம் அந்தக் கோபம்: மாத்திரைச் சீட்டில் லெவெடிராசெட்டம் என்று இருக்கிறதா பாருங்கள், சிலருக்கு அந்த வலிப்பு மருந்தே எரிச்சலைக் கிளப்பும். இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்பிவிடும். நரம்பியல் டாக்டரிடம் போய் மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள்.