எபிரேயம் படித்து வேதாகம ஆய்வாளர் ஆனால் பிழைக்க முடியுமா?

வேலூரில் பி.ஏ. முடித்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: எபிரேயம் கற்று பழைய ஏற்பாட்டு ஆய்வாளர் ஆக ஆசை, வீட்டில் "அதுல சோறு கிடைக்குமா" என்கிறார்கள், என்ன செய்வது?

சோறு கிடைக்கும் தம்பி. நானும் காட்பாடிக்காரன்தான், இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்தித்தான் என் குடும்பம் ஓடுகிறது. ஆனால் இடங்கள் குறைவு, படிப்பு நீளம், அரசுக் கல்லூரிச் சம்பளம் வராது. இதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இறையியல் பட்டங்கள் தருகிற செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரியில் முதலில் பி.டி. என்கிற இறையியல் இளநிலைப் பட்டம், பட்டதாரிக்கு 4 வருஷம். சென்னை குருகுலம், மதுரை அரசரடி இறையியல் கல்லூரி, பெங்களூர் யூ.டி.சி. (ஐக்கிய இறையியல் கல்லூரி) எல்லாம் அதில் சேர்ந்தவைதான், அதில் சென்னையும் பெங்களூரும் காட்பாடியில் ரயில் ஏறுகிற நமக்குப் பக்கம். அப்புறம் பழைய ஏற்பாட்டில் எம்.டி.எச். என்கிற முதுநிலைப் பட்டம் 2 வருஷம், அதன்பின் முனைவர் பட்டம். அந்தக் கட்டத்தில் எபிரேயத்துக்கு நெருங்கிய மொழியான அரமேயமும் வேண்டும், ஏனென்றால் தானியேல் 2-ஆம் அதிகாரத்திலிருந்து 7 வரை ஏறக்குறைய முழுவதும் அந்த மொழிதான். ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தால் பழைய ஆய்வுகளை நேராகவே படிக்கலாம்.

இத்தனை வருஷம் எதற்கு என்று கேட்டால் ஒரே ஓர் இடத்தைக் காட்டுகிறேன். 1947-இல் சாக்கடல் பக்கம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள், கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏசாயா 40:7, 8 நமக்கெல்லாம் மனப்பாடம், "புல் உலர்ந்து பூ உதிரும்" என்று இரண்டு முறை வரும். சுருளை எழுதியவரின் கண் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவிவிட்டது, நடுவில் இருந்தது விட்டுப்போச்சு. பிறகு வேறொரு கை அதை வரிக்கு மேலேயும் ஓரத்திலுமாகப் பொடி எழுத்தில் சேர்த்திருக்கிறது, அதிலும் கர்த்தருடைய பெயர் வர வேண்டிய இடத்தில் எழுத்து இல்லை, நான்கு புள்ளிகள்தான். நாம் வகுப்பில் வைத்துப் படிக்கிற எபிரேயப் பதிப்பு 1008-இல் எழுதின லெனின்கிராட் சுவடியை ஆதாரமாகக் கொண்டது, அதில் அந்த வரி முழுசாக இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது விட்டுப்போனது, எது சேர்த்தது, ஏன் என்று எழுத்தெழுத்தாகப் பார்ப்பதுதான் இந்த வேலை. எனக்கு அந்த நாலு புள்ளியை எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சு நிறைந்துவிடும். உங்களுக்கும் அப்படி ஆகிறதா என்று இணையத்தில் அந்தச் சுருளின் படத்தைத் திறந்து பாருங்கள், இலவசம்தான். ஆகவில்லை என்றால் இந்தப் படிப்பு ரொம்பக் கஷ்டம்.

வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் இறையியல் கல்லூரி ஆசிரியர் பணி, கொஞ்சம் பேர் வேதாகம மொழிபெயர்ப்பு, திருத்தப் பணிக்குப் போகிறார்கள், ஆயராக இருந்துகொண்டே ஆய்வு செய்கிறவர்களும் உண்டு. ஆயர் ஆகாமலே பேராசிரியர் ஆகலாம். பெண்களும் தாராளமாக வரலாம்.

கல்லூரி கிடைக்கும்வரை சும்மா இருக்காதீர்கள். 22 எழுத்தையும் உயிர்க்குறிகளையும் வீட்டிலேயே பழகலாம். பலர் எபிரேய வினைச்சொல் உருமாறுகிற ஏழு அமைப்புகளில்தான் திணறி விட்டுவிடுகிறார்கள், அங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். பிறகு ரூத் புத்தகம், நாலே அதிகாரம், கதையும் தெரிந்ததுதான். 1906-இல் வந்த பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் எபிரேய-ஆங்கில அகராதி இணையத்திலேயே கிடைக்கிறது. சபை ஆயரிடம் சிபாரிசுக் கடிதத்துக்கு இப்போதே பேசி வையுங்கள், விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள்.