பிள்ளைகள் வரட்டும், சேர்ந்து போகலாம்

வணக்கம்.

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். தக்கலைப் பக்கம் சொந்த வீடு. சுற்றிலும் கொஞ்சம் தெங்கு, வாழை, மரச்சீனி. மகன் பெங்களூரில், மகள் சென்னையில். காலையில் சாயா, பேப்பர், மீன் வண்டியின் ஹாரனுக்குக் காத்திருப்பது, மதியம் ஒரு தூக்கம், சாயங்காலம் தோட்டம், இரவில் பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் "மாத்தூர் தொட்டிப்பாலம் வரை போய்விட்டு வருவோமா?" என்று எப்போது கேட்டாலும், "பிள்ளைகள் வரட்டும், சேர்ந்து போகலாம்" என்பாள். முட்டுவலியும் உண்டு. இந்த மே மாதம் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு கல்யாணம், ஊர்க்கோயில் கொடை, சொந்தக்காரர் வீடுகள் என்று நாள் ஓடிவிட்டது. ஒரே ஒரு நாள் திற்பரப்புக்குப் போனோம். அருவியில் தண்ணீர் குறைவு, கூட்டம் அதிகம். கார் நிறுத்த இடம் தேடியதிலேயே பாதி நேரம் போயிற்று. சின்னப் பேரன் அழுததால் சீக்கிரமே திரும்பிவிட்டோம். அன்று விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து எல்லாருக்கும் புளிச்சோறு கட்டிய அலுப்பு மனைவிக்கு. இப்போது எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

நாம் இரண்டு பேர் மட்டும் ஊர் சுற்றுவதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

ஓய்வு பெற்ற ஆசிரியர்,
தக்கலை அருகிலிருந்து

*

அன்புள்ள சார்,

நிறைய இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தை மே மாதத்துக்காக எடுத்து வைப்பதைப் போல ஒரு நஷ்டம் வேறில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து கிடைக்கும் ஊர் நம்முடையது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்ததும் அதனால்தான். அந்த மழை தொடங்குவது ஜூனில். ஏப்ரலிலும் மேயிலும் கோடைமழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் கோதையாற்றில் தண்ணீர் இறங்கிவிடும், திற்பரப்பும் மெலிந்துவிடும். இருக்கிற கொஞ்சம் தண்ணீருக்கு இரண்டு மாநிலத்துக் கூட்டமும் அப்போதுதான் வருகிறது. பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் கலைந்த பிறகுதான் இந்த ஊர் பச்சை பிடிக்கிறது.

நீங்கள் ஆசிரியர். வேலையில் இருந்தவரை அந்த நல்ல மாதங்கள் எல்லாவற்றிலும் வகுப்பறைக்குள் இருந்திருக்கிறீர்கள். ஜூன் மழையையும் ஆடிக்காற்றையும் சன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள். இப்போதுதான் முதன்முறையாக ஒரு புதன்கிழமைக் காலை உங்களுக்கென்று கிடைத்திருக்கிறது. அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்கிறீர்கள். முன்பு உங்கள் பள்ளியின் விடுமுறை, இப்போது பேரனுடைய பள்ளியின் விடுமுறை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மாத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். காமராஜரின் முயற்சியால் வந்து 1966-இல் கட்டி முடிந்த பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குப் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகிறது. வெயில் காலத்தில் போனால் காய்ந்த தொட்டியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைப் பாசனத்துக்குத் திறந்து, கால்வாயில் தண்ணீர் ஓடும்போது போய்ப் பாருங்கள். பக்கத்தில் தண்ணீர் கூடவே வரும், கீழே ஆறு, சுற்றிலும் தெங்கும் ரப்பரும், தூரத்தில் மலை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயல்களுக்குப் போகும் தண்ணீர் அது. நீங்களும் அந்தக் கல்குளம் தாலுகாக்காரர்தானே. முட்டுவலிக்குப் பயப்பட வேண்டாம், பாலத்தின் மேல் நடை சமதளம். ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டை மட்டும் விட்டுவிடுங்கள். இறங்கிவிடலாம், ஏறுவதுதான் பாடு.

அங்கிருந்து திருவட்டாறு பக்கம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்தபோது அந்த வட்டாரமே திரண்டு நின்றது. சாதாரண நாளில் போனால் பிரகாரத்தில் ஆளே இருக்காது. விளக்கு ஏந்தி நிற்கும் கற்பாவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடக்கலாம், கால் வலித்தால் உட்காரலாம். கோயிலுக்குள் போகப் படி ஏற வேண்டும், அதை மட்டும் மெதுவாக. உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள், எனவே காலையிலேயே போய்விடுவது நல்லது.

இனி உங்கள் மனைவியைப் பற்றி. அவரை டீச்சர் என்றே சொல்கிறேன், அங்கன்வாடியில் ஊரே அப்படித்தான் கூப்பிட்டிருக்கும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, அவர் மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கட்டியது. "பிள்ளைகள் வரட்டும்" என்று அவர் சொல்வதற்குள் இதுவும் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெளியே போவது என்றாலே அவருக்கு முந்தின ராத்திரியே வேலை தொடங்கிவிடுகிறது. புளி கரைக்க வேண்டும், பாத்திரம் எடுத்து வைக்க வேண்டும், திரும்பி வந்து எல்லாவற்றையும் கழுவ வேண்டும். பிள்ளைகளுக்காக என்றால் அதைச் சந்தோஷமாகச் செய்வார். உங்கள் இருவருக்காக மட்டும் இவ்வளவு பாடு எதற்கு என்றுதான் தோன்றும். நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள் சார். டீச்சர் ஒரு வேலையிலிருந்து மட்டும்தான் ஓய்வு பெற்றிருக்கிறார்.

எனவே ஒன்றும் சமைக்காமல் கிளம்புங்கள். ஆறு மணிக்கு ஒரு கட்டன்சாயா, அவ்வளவுதான். புட்டும் பயறும் பப்படமும் கிடைக்கிற ஒரு சின்னக் கடையில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். மதியத்துக்கு முந்தின நாள் மீன்குழம்பு இருக்கும். மரச்சீனியை நீங்கள் தோல் உரித்து அவித்துவிடுங்கள். இந்தக் கடைசிப் பகுதியை நீங்கள் செய்யவில்லை என்றால் மற்றதெல்லாம் நடக்காது.

போக்குவரத்தும் பெரிய விஷயமில்லை. சாதாரண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. டிக்கெட் உங்களுக்கு மட்டும்தான். கூட்ட நேரத்தைத் தவிர்த்தால் உட்கார இடமும் கிடைக்கும். டீச்சர் தன் பழைய சிநேகிதிகளோடு தனியாகப் போய்விட்டு வருவதற்கும் அது உதவும். எல்லா இடத்துக்கும் நீங்களும் கூடப் போக வேண்டுமென்று இல்லை.

எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி இருக்கிறார்கள். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். மார்கழி, தை மாதங்களில் இருவரும் தேரூர் குளக்கரைக்குப் போவார்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை, குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம். ஆரம்பத்தில் அந்த அம்மாவுக்கு எல்லாமே கொக்குதான். இப்போது கூழைக்கடா, அன்றில், நீலத்தாழைக்கோழி என்று பெயர் சொல்கிறார். பொங்கலுக்குப் பேத்தி வந்தபோது பாட்டாவும் ஆச்சியும் அவளைக் குளக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். போனை உள்ளே வைத்துவிட்டு ஆச்சியின் விரல் காட்டும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம் அந்தப் பிள்ளை. ஆச்சிக்கு முன்பே தெரிந்த இடம் என்பதால்தான் அது நடந்தது. எல்லாருக்கும் புதிதான ஓர் இடத்துக்கு எட்டுப் பேர் ஒரே காரில் போய் இறங்கினால், நிறுத்த இடம் தேடுவதிலும் குழந்தையைச் சமாளிப்பதிலும் பொழுது போய்விடும். அதைத்தான் நீங்கள் திற்பரப்பில் பார்த்தீர்கள்.

ஆகவே நீங்கள் இருவரும் முன்னால் போய்வருவது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது ஆகாது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்தை வேண்டுமானால் பேரன்மாருக்கென்று விட்டுவையுங்கள். அவர்கள் எப்படியும் அதைத்தான் கேட்பார்கள். மற்ற இடங்களையெல்லாம் எடுத்து வைக்காதீர்கள்.

அடுத்த முறை பிள்ளைகள் வரும்போது சொந்தக்காரர் வீடு வீடாக ஏறி இறங்குவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கு எல்லாரும் கோயிலுக்கு வருகிறார்களே, அங்கேயே பார்த்துப் பேசிவிடலாம். ஒரு நாள் சமையலறையை மகனிடமும் மகளிடமும் ஒப்படைத்துவிட வேண்டும். பெங்களூர் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு முற்றமும் கிணறும் மட்டிப்பழக் குலையுமே பெரிய காட்சி. சாயங்காலம் முட்டத்திலோ சொத்தவிளையிலோ கொஞ்ச நேரம் மணலில் விட்டால் போதும்.

வருஷத்தில் ஒருமுறை நீங்களும் அவர்களிடம் போய் வாருங்கள். ரயிலில் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது பிள்ளைகளைப் பார்க்க எழுநூறு கிலோமீட்டர் போகிறவர்களுக்குத்தான் தெரியும். அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த நாகர்கோவில்–சென்னை வந்தே பாரத் வேகமானதுதான், ஆனால் முழுத் தூரமும் உட்கார்ந்தே போக வேண்டும். டீச்சரின் முட்டுக்கு ராத்திரி ரயிலில் கீழ்ப்படுக்கைதான் சரி.

அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இத்தனை வருஷம் இருவரும் வேலைக்கு ஓடியிருக்கிறீர்கள். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக்கடன், கல்யாணம் என்று பேச்சு முழுவதும் அதற்கே போயிருக்கும். வீட்டுக்குள் இருந்தால் இப்போதும் பேச்சு கரண்ட் பில்லிலும் மாத்திரையிலும் நின்றுவிடுகிறது. வெளியே ஒரு கல்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வேறு பேச்சு வருகிறது. சின்ன வயசில் நடந்தது, செத்துப்போன ஆட்களைப் பற்றி, முன்பு சொல்லாமல் விட்ட ஒரு கோபம். இரண்டு பேர் மட்டும் இருந்தால்தான் அது வரும். பேரன்மார் கூட இருக்கும்போது வராது.

"மாத்தூர் போவோமா?" என்று இனி கேட்க வேண்டாம், "எங்கே போகலாம்?" என்று கேளுங்கள். அவர் மண்டைக்காடு என்றால் மண்டைக்காடு, தங்கச்சி வீடு என்றால் தங்கச்சி வீடு. வட்டக்கோட்டை என்று சொன்னால் கண்டிப்பாகப் போங்கள். மேலே ஏறச் சரிவுப்பாதை இருக்கிறது, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலையும் தெரியும். பத்மநாபபுரம் அரண்மனை உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான், ஆனால் உள்ளே மரப்படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், அதனால் முட்டுவலி குறைந்திருக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அன்று அரண்மனைக்கு விடுமுறை.

அன்புடன்.